மாவைப் புளிக்க வைப்பது யார்?

இட்லி மாவு விஷயத்தில் நாம் செய்வது எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலுக்கு ஒன்று என்று அளந்து அரிசியையும் உளுந்தையும் தனித்தனியே ஊறப்போடுகிறோம். கொஞ்சம் வெந்தயம். கிரைண்டரில் ஆட்டி, உப்புப் போட்டு, கைவிட்டுக் கரைத்து, மூடி வைத்துவிட்டுப் படுக்கப் போகிறோம். காலையில் மாவு பாத்திரத்தின் விளிம்பு வரை பொங்கி நிற்கிறது. பொங்க வைத்தது நாம் இல்லை. உளுந்தோடு ஒட்டிக்கொண்டு கடையிலிருந்தே கூட வந்த பாக்டீரியாக்கள், அவற்றில் முக்கியமாக லியூக்கோநாஸ்டாக் மெசன்டிராய்டிஸ், மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியே விடுகின்றன. வாயு மாவைத் தூக்குகிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது.

அதற்காக நமக்கு அதில் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஆட்டியிருந்தால் அந்த உயிர்கள் செத்திருக்கும். உப்பை அள்ளிக் கொட்டியிருந்தால் முடங்கியிருக்கும். மார்கழிக் குளிரில் வெறுந்தரையில் வைத்திருந்தால் காலையிலும் மாவு சோம்பிக் கிடக்கும். புளிக்க வைக்க நம்மால் முடியாது. புளிக்க விடாமல் செய்ய மிக நன்றாக முடியும்.

மனிதனுக்குச் சுயாதீனம் உண்டா, கடவுளின் கிருபை எங்கே தொடங்குகிறது, தேர்ந்தெடுத்ததன் விளைவு யார் தலையில் விழுகிறது என்ற கேள்விகளைக் கிறிஸ்தவம் எப்படிக் கையாள்கிறது என்பதைப் பார்க்க இந்தப் பாத்திரமே போதும். துணைக்கு இயேசுவும் இருக்கிறார்: ஒரு பெண் கொஞ்சம் புளித்த மாவை மூன்று படி மாவுக்குள் பொதிந்து வைக்க, எல்லாம் புளித்துப்போன கதையைப் பரலோக ராஜ்யத்துக்கு உவமையாகச் சொன்னவர் அவர்.

இதை ஸ்ரீபெரும்புதூரை வைத்துச் சொல்லப் போகிறேன்; அதற்கு ஒரு காரணம் உண்டு. இன்று அந்தப் பெயரைக் கேட்டால் இருங்காட்டுக்கோட்டைக் கார்களும் சுங்குவார்சத்திரத்துச் செல்போன்களும் ஒரகடத்து லாரிகளும்தான் ஞாபகம் வரும். ஆனால் 1017ல் ராமானுஜர் பிறந்ததாக மரபு சொல்லும் ஊர் அது. இதே கேள்விக்கு அவர் ஒரு பதில் வைத்திருந்தார். முதல் முயற்சி ஆன்மாவினுடையது. உள்ளேயே இருக்கும் இறைவன் அந்த முயற்சியைப் பார்த்து அனுமதி தருகிறான். அந்த அனுமதி இல்லாமல் செயல் நடக்காது. அவருக்குப் பின் வந்தவர்கள் இந்தச் சமநிலையில் எந்தப் பக்கம் கனம் என்று வாதாடினார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து அதிகத் தொலைவில்லாத காஞ்சிபுரத்துத் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகரின் வழி வடகலை: குரங்குக் குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்வதுபோல ஆன்மாவும் தன் பங்குக்குப் பற்ற வேண்டும். பிள்ளை உலகாசிரியரின் வழி தென்கலை: பூனைக் குட்டி ஒன்றும் செய்வதில்லை, தாயே கவ்விக்கொண்டு போகிறது. ஜெர்மானிய இறையியலாளர் ருடால்ஃப் ஓட்டோ இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்த விவாதத்தைப் படித்துவிட்டு, ஐரோப்பியச் சபைகள் பிளந்துகொண்டதும் இதே இடத்தில்தானே என்று வியந்து, இரண்டையும் ஒப்பிட்டு ஒரு புத்தகமே எழுதினார்.

முதலில் ஊறல், அதாவது கிருபை எங்கே தொடங்குகிறது என்பது. ஐந்தாம் நூற்றாண்டில் பெலாகியுஸ் என்ற துறவி ஒரு நியாயமான கேள்வி கேட்டார். கடவுள் ஒன்றைச் செய் என்று கட்டளையிட்டால் அதைச் செய்யும் திறனும் மனிதனுக்கு இருக்க வேண்டுமே? திறன் இல்லாதவனிடம் கட்டளை எதற்கு? நல்லதைத் தேர்ந்தெடுக்க மனித விருப்பமே போதும் என்பது அவர் கட்சி. அதே காலத்து ஆயர் அகுஸ்தீனுக்கு அது ஒத்துவரவில்லை. இளமையில் தன் விருப்பம் தன் பேச்சைக் கேட்காமல் படுத்திய பாட்டை அவர் நேரடியாக அறிந்தவர்; எது சரி என்று தெரிந்த பிறகும் அதைச் செய்ய முடியாமல் வருடக்கணக்கில் இழுபட்டவர். 418ல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பெலாகியுஸின் போதனையைத் தள்ளினார்கள். 529ல் ஆரஞ்சு நகரத்தில் கூடியவர்கள் இன்னும் ஒரு படி போய், விசுவாசத்தின் முதல் அசைவே, நம்ப வேண்டும் என்ற அந்த ஆசையே, கிருபையின் வேலைதான் என்றார்கள். உளுந்தோடு கூடவே வந்தது போல. அதே ஆரஞ்சுக் கூட்டம் தீமைக்கென்று யாரையும் கடவுள் முன்குறிக்கிறார் என்ற கருத்தைச் சபித்தும் தள்ளியது. இந்தப் பாதியைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இதை வேறு மாதிரி வைத்தார். முந்திக்கொண்டு வரும் கிருபை எல்லா மனிதருக்குள்ளும் வேலை செய்கிறது. அதனால்தான் யாராயிருந்தாலும் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடிகிறது. சுயாதீனம் நமது சொத்து என்பதை விட, நமக்குத் திருப்பித் தரப்பட்ட பொருள் என்பது மெதடிஸ்டுகளின் எண்ணம்.

அடுத்து மூடி வைப்பது, அதாவது மனிதனின் பங்கு. சபைகள் உண்மையாகவே முட்டிக்கொண்ட இடம் இது. 1524ல் எராஸ்முஸ் மனித விருப்பத்துக்குச் சிறிதாவது இடம் கொடுங்கள் என்று எழுத, மறுவருடமே லூத்தர் விருப்பம் அடிமைப்பட்டுக் கிடக்கிறது என்று அடித்துச் சொல்லிப் பதில் எழுதினார். 1618 முதல் 1619 வரை ஹாலந்தின் டார்ட் நகரத்தில் கூடிய சங்கம், மனித விருப்பத்துக்கு இடம் கேட்ட ஆர்மினியுஸின் சீடர்களை எதிர்த்து, கடவுள் தேர்ந்துகொண்டவர்களை அவருடைய கிருபை வென்றே தீரும் என்று தீர்ப்பளித்தது. அதாவது மாவு புளிப்பதற்கு மட்டுமல்ல, நீங்கள் சரியான இடத்தில் மூடி வைத்ததற்கும் காரணம் அவரே. கால்வின் வழியில் வந்த ஸ்காட்லாந்து சபை ஏற்றுக்கொண்ட வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை (1646) இதை இன்னும் நுணுக்கமாகச் சொல்கிறது: நடப்பதெல்லாம் கடவுள் நியமித்தது; ஆனால் எந்த மனிதனின் விருப்பத்தையும் அவர் முறித்து வளைப்பதில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அறிக்கை அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறது.

இது எங்கோ சீமையில் நடந்த கதை என்று ஒதுக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காஞ்சிபுரம், செங்கல்பட்டு வட்டாரத்தில் பள்ளிக்கூடம் கட்டி ஊழியம் செய்தது இந்த வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையைச் சுமந்து வந்த ஸ்காட்லாந்து மிஷன்தான். 1837ல் சென்னைக்கு வந்த ஜான் ஆண்டர்சனின் பெயர் காஞ்சிபுரத்துப் பள்ளி ஒன்றில் இன்றும் இருக்கிறது. அவர் சென்னையில் தொடங்கிய பள்ளிதான் பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியாகித் தாம்பரத்துக்குப் போனது. ஆக, தேசிகர் பிறந்த மண்ணில், ராமானுஜர் பிறந்த ஊருக்கு அருகில், கால்வினின் பேரப்பிள்ளைகள் வந்து பாடம் நடத்தினார்கள். பூனைக் கட்சியின் வாதம் அவர்களுக்குப் புதிதாகப் பட்டிருக்காது.

இந்தச் சண்டையைத் தீர்க்க வேண்டிய பெரியவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. கத்தோலிக்கத்துக்குள்ளேயே தொமினிக்கர்களும் இயேசு சபையினரும், கிருபை தானாகவே வெல்கிறதா, மனிதன் இணங்குவதால் வெல்கிறதா என்று மோதிக்கொண்டார்கள். ரோமாபுரியில் வருடக்கணக்கில் விசாரணை நடந்தது. 1607ல் ஐந்தாம் பவுல் பாப்பு தீர்ப்பு எதுவும் சொல்லாமல் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார். இரு தரப்பும் தங்கள் கருத்தை வைத்துக்கொள்ளலாம். எதிர்த்தரப்பைப் பதிதர் என்று ஏசக் கூடாது, அவ்வளவுதான். தப்பித்துக்கொண்டார் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஞானம் என்பேன்.

தமிழ்நாட்டில் அதற்கு ஒரு தம்பி உண்டு. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை (சிஎஸ்ஐ) பிறந்தது. கால்வின் வழியில் வந்த பிரெஸ்பிட்டேரியன்களும் காங்கிரிகேஷனல் சபையாரும் 1908லேயே ஒன்றாகியிருந்தார்கள்; அவர்களும், வெஸ்லியின் மெதடிஸ்டுகளும், ஆங்கிலிக்கர்களும் ஒரே சபையானார்கள். முன்குறித்தலா சுயாதீனமா என்ற வழக்கை முடித்துவிட்டு அவர்கள் சேரவில்லை. வழக்கைத் திறந்தே வைத்துவிட்டுச் சேர்ந்தார்கள். இன்று ஒரகடம் பக்கம் அறை எடுத்துத் தங்கி, ஞாயிறன்று சிஎஸ்ஐ கோயிலைத் தேடிப் போகும் நாகர்கோவில் பையனின் கொள்ளுத் தாத்தா லண்டன் மிஷனின் காங்கிரிகேஷனல் சபைக்காரராக இருந்திருக்கலாம். பக்கத்தில் உட்காரும் பாளையங்கோட்டைப் பையனுடையவர் ஆங்கிலிக்கராக இருந்திருக்கலாம். இருவர் கையிலும் ஒரே பாட்டுப் புத்தகம்.

அப்படியானால் உண்மையைத் தேடுவது இதில் எங்கே வருகிறது? மூடியைத் திறந்து மோந்து பார்ப்பதில். மாவு பதத்துக்கு வந்துவிட்டதா என்பதைக் கடிகாரம் சொல்லாது. மூக்கு சொல்லும், விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் நாக்கு சொல்லும். பெரோயா ஊரார் பவுல் சொன்னதைக் கேட்டு உடனே தலையாட்டாமல், வேதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சரிதானா என்று சோதித்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் அதற்காக அவர்களைத் திட்டவில்லை, மெச்சுகிறது. காயத்தில் விரலை வைத்துப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்ற தோமாவையும் இயேசு விரட்டவில்லை, கையை நீட்டு என்றார். அந்தத் தோமா பரங்கிமலையில் உயிர்விட்டதாக மரபு. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து விமான நிலையத்துக்குப் போகிறவர்கள் கண்ணில் படுகிற மலை அது. சந்தேகப்பட்ட சீடனின் மலையடிவாரத்தில்தான் தமிழ்க் கிறிஸ்தவத்தின் ஆதிக் கதை தொடங்குகிறது என்பதைப் பிரசங்கங்களில் இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சொல்லலாம்.

உண்மை உங்களை விடுதலையாக்கும் என்ற கருத்தை ஆட்டோவின் பின்புறத்தில்கூடப் பார்க்கலாம். யோவான் நற்செய்தியில் அது தனியாக நிற்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது: என் போதனையில் நிலைத்திருந்தால். நிலைத்திரு, அப்போது அறிவாய், அப்போது விடுதலை. வேறோர் இடத்தில் இன்னும் பச்சையாகவே வருகிறது: கடவுளின் சித்தத்தைச் செய்ய மனமுள்ளவனுக்குத்தான் இந்தப் போதனை எங்கிருந்து வந்தது என்று புரியும். உண்மையைத் தெரிந்துகொண்டு பிறகு தேர்ந்தெடுப்பது என்ற வரிசையைத்தான் நாம் இயல்பானது என்று நினைக்கிறோம். இங்கே தேர்வு, தெரிதலுக்குள்ளேயே கலந்திருக்கிறது. தொட்டுச் சுவைக்க மாட்டேன், ஆனால் பதம் தெரிய வேண்டும் என்றால் நடக்காது.

எச். ஏ. கிருஷ்ண பிள்ளையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. 1827ல் திருநெல்வேலிக் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். ராமானுஜரின் மரபிலும் கம்பனின் தமிழிலும் ஊறியவர். சாயர்புரத்து மிஷன் பள்ளிக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போனார். ஒரே நாளில் ஒளி வந்து விழுந்த கதை இல்லை அது. படித்தார், தயங்கினார், முன்பே கிறிஸ்தவரான நெருங்கியவர்களோடு பேசினார். 1858ல், சொந்த ஊரை விட்டுத் தள்ளி, சென்னை மயிலாப்பூரில் ஞானஸ்நானம் பெற்றார். அந்தத் தேர்வின் விளைவைத் தமிழர் நாம் இன்றும் படிக்கிறோம்: முப்பத்தாறு வருடம் கழித்து, 1894ல், ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியம் வந்தது. கிறிஸ்தவக் கம்பர் என்று பெயர் வாங்கியவர், கம்பனைத் தூக்கி எறிந்துவிட்டுப் போகவில்லை. அந்தப் பாத்திரத்திலேயே புதிய மாவைக் கரைத்தார். அந்தக் காப்பியத்துக்கு மூலமான ஜான் பனியனின் கதை (1678) கால்வின் வழியில் நடந்த ஒருவர் எழுதியது. எல்லாம் முன்குறிக்கப்பட்டது என்று நம்பியவரின் கதாநாயகன் ஒவ்வொரு அடியையும் தானே முடிவெடுத்து, தவறான பாதையில் திரும்பி, வருந்தி, வாசலைத் தட்டி, நடந்து நடந்தே போகிறான். கோட்பாட்டில் தீராதது கதையில் சங்கடமில்லாமல் ஓடுகிறது.

இனி விளைவு. புளித்த மாவை இனிப்பாக்க வழியில்லை. ஃபிரிட்ஜ் புளிப்பைத் தாமதப்படுத்தும், திருப்பி எடுக்காது. புளிப்பு, மாவுக்கு யாரோ வெளியிலிருந்து போட்ட அபராதமும் இல்லை. உள்ளே நடந்ததன் மறுபெயர்தான் அது. பாவத்தின் விளைவைப் பற்றிய கிறிஸ்தவப் பேச்சின் ஆழமான இழை இப்படித்தான் போகிறது. விதைத்ததை அறுப்பாய் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது நீதிபதியை விட வயல்தான் அதில் பேசுகிறது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் தொடக்கத்திலும், தேவகோபம் என்பது கடவுள் மனிதரை அவர்கள் கேட்டதற்கே ஒப்புக்கொடுத்துவிடுவதாக வருகிறது. நரகத்தைப் பற்றித் தீச்சட்டியும் முள்கரண்டியுமாகப் படம் போட்டுக் காட்டும் துண்டுப்பிரசுரங்களை விட எனக்கு இதுதான் அதிகம் பயமளிக்கிறது.

இளைய குமாரன் கதையைப் பாருங்கள். சொத்தைக் கேட்கிறான், தகப்பன் கொடுத்துவிடுகிறார். பூட்டி வைக்கவில்லை, பின்னால் ஆள் அனுப்பவில்லை. அவன் திரும்பி வந்தபோது ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார், மோதிரம் போடுகிறார், விருந்து வைக்கிறார். ஆனால் செலவழித்த பங்கு திரும்பி வரவில்லை. என்னுடையதெல்லாம் உன்னுடையது என்று தகப்பன் சொல்வது மூத்தவனிடம். மன்னிப்பு விளைவைத் துடைத்து அழிப்பதில்லை. அளவுக்கு மீறிப் புளித்த மாவில் வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து போட்டுக் குழிப்பணியாரம் சுடுகிறோமே, அந்த மாதிரி வேலை அது. புளிப்பு இருக்கும். ஆனால் அது இப்போது வேறொரு பண்டம், சில வீடுகளில் இட்லியை விட அதற்குத்தான் அடிதடி.

ஒப்புமை இத்தோடு உதிர ஆரம்பிக்கிறது. மாவுக்கு விருப்பம் கிடையாது. எனக்குப் புளிக்க இஷ்டமில்லை என்று அது மறுத்ததில்லை. அன்பு செலுத்தக் கூடிய ஒன்று மறுக்கவும் கூடியதாக இருக்க வேண்டும் என்பது கிறிஸ்தவத்தின் அடிப்படைக் கணக்கு. அந்தக் கணக்கைப் பாத்திரத்துக்குள் வைக்க முடியாது. இன்னொன்று, இதைவிடப் பெரியது: கெட்டதை ஆக்கியவர் ஒருவராகவும் தின்றவர் வேறொருவராகவும் இருக்கலாம்.

2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கம் ஒரு விடுதியில் அப்படி நடந்தது. ஃபாக்ஸ்கானின் சுங்குவார்சத்திரத்துத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் தங்கிய விடுதி. கெட்ட உணவைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். சமைத்தது அவர்கள் இல்லை. அந்த விடுதியைத் தேர்ந்தெடுத்ததும் அவர்கள் இல்லை. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது, ஆப்பிள் நிறுவனம் அதைக் கண்காணிப்பில் வைத்தது, 2022 ஜனவரி 12 அன்று ஆலை மீண்டும் திறந்தது. அவரவர் வினை அவரவர்க்கு என்று இதற்கு விளக்கம் சொன்னால் எந்தச் சமயமானாலும் வெட்கப்பட வேண்டும். எல்லாம் தேவ சித்தம் என்று சொல்லிப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதும் அதே ரகம். தொழிலாளிக்குப் பிடித்து வைத்த கூலி கடவுளின் காதில் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபின் நிருபம் சொல்லும்போது, தேவ சித்தம் சாலையில் உட்கார்ந்தவர்கள் பக்கமும் இருக்கலாம் அல்லவா?

இயேசுவே இந்தக் கேள்வியை எழுப்பினார். சீலோவாம் கோபுரம் சரிந்து 18 பேர் செத்தார்களே, எருசலேமில் மற்ற எல்லோரையும் விட அவர்கள் பாவிகளா? இல்லை என்று நேராகச் சொன்னார். உடனே, நீங்கள் மனந்திரும்புங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திருப்பினார். அடுத்தவனின் துன்பத்தை வைத்து அவனுடைய தேர்வைக் கண்டுபிடிக்காதே. உன் தேர்வை மட்டும் நீ பார். லூக்கா இதற்குச் சற்றுப் பின்னால் ஓய்வுநாள் சண்டை ஒன்றை வைக்கிறார். பதினெட்டு வருடமாகக் கூனிக்கிடந்த பெண்ணை இயேசு ஓய்வுநாளில் நிமிர்த்துகிறார். வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறதே, அப்போது வந்தால் ஆகாதா என்று ஜெப ஆலயத் தலைவர் கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போடுகிறார். உங்கள் மாட்டை இன்று அவிழ்த்துத் தண்ணீர் காட்டவில்லையா என்று பதில் வருகிறது.

ஷிப்டு முறையில் ஓடும் இந்த ஸ்ரீபெரும்புதூர்த் தொழில் தடத்தில் விசுவாசிக்கு மிகச் சாதாரணமாக வரும் தேர்வும் ஓய்வுநாளைப் பற்றியதுதான்: ஞாயிறு ஆராதனையா, ஓவர்டைமா? ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் ஒரு பக்கம், ஞாயிறு இழுக்கும் இழுப்பு ஒரு பக்கம். கத்தோலிக்கச் சட்டத்தொகுப்பு (1983) சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கெடுத்தாலும் ஞாயிறுக் கடமை நிறைவேறியதாகவே ஏற்கிறது. அந்த ஏற்பாடு பகல் ஷிப்டுக்காரருக்கு உதவும். சனிக்கிழமை இரண்டாம் ஷிப்டும் ஞாயிறு முதல் ஷிப்டும் சேர்ந்து விழுந்தவருக்கு உதவாது; அவர் சூப்பர்வைசரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது இரவு அறையிலேயே நாலு பேராக உட்கார்ந்து ஜெபிக்க வேண்டும், அல்லது அந்த வாரத்தை விட்டுவிட வேண்டும்.